பேரை மாத்தினா போட்டோ பேசுமா?

கம்ப்யூட்டர் சென்டர் வேலையில் முதல் பாடம், பேருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒட்டியிருக்கும் வாலைப் பார்த்து ஃபைலின் இனத்தைச் சொல்லக் கூடாது என்பது. அப்லோடு செய்துவிட்டு, 'தவறான ஃபைல்' என்று சிவப்பெழுத்தில் திட்டு வாங்கிய சகோதர சகோதரிகளே, உங்களில் நானும் ஒருவன். பிளஸ் டூ முடித்துவிட்டுப் பனச்சமூடு சந்தியில் ராஜன் அண்ணன் கடையில் இருக்கிறேன். அண்ணன் துரத்திவிட்டால் மறுநாள் விடியுமுன்னே சித்தப்பாவின் ரப்பர் விளையில் மரம் மரமாகப் பால் வெட்டப் போகணும். அது அப்பாவின் தீர்ப்பு.

வெளியே பிடிஎஃப், உள்ளே போட்டோ

கொல்லயில் என்ற பக்கத்து ஊரிலிருந்து ஸ்டெல்லா அக்கா நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தார். சர்டிபிகேட்டை பிடிஎஃப் ஆகத்தான் கேட்கிறார்கள். அக்கா கொண்டு வந்ததும் பிடிஎஃப்தான், ஆனால் அந்த வெப்சைட் துப்பிவிட்டது. நோட்பேடில் திறந்து பார்த்தேன். அநேகமாக எந்த ஃபைலும் உள்ளே முதல் வரியில் தன் இனத்தைச் சொல்லிவிடும். பிடிஎஃப் என்றால் அங்கே பிடிஎஃப் என்றே இருக்கும். இதில் இருந்தது போட்டோவின் முத்திரை. துபாயிலிருக்கும் கணவர், பேருக்குப் பின்னால் பிடிஎஃப் என்று தட்டினால் போதும் என்று போனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒழுங்காக மாற்றி ஏற்றிக் கொடுத்தேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அக்கா வாசலில் நின்றார். "மக்கா, அடுத்த மாசம் அவரு லீவுக்கு வாறாரு. அவரையும் ஒருக்க நோட்பேடுல தொறந்து பாரு, உள்ள என்னதான் எழுதியிருக்குன்னு!"

வால் வெட்டிய மாஷ்

பெருங்கடவிளையிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார், எங்கள் பக்கத்துப் பேச்சில் மாஷ், பென்டிரைவோடு வந்தார். ஒரு ஃபைலும் திறக்கவில்லை. 'எதில் திறக்க?' என்று கம்ப்யூட்டர் எங்களையே கேட்டது. புள்ளிக்குப் பிறகு இங்கிலீஷில் என்னமோ குப்பை கிடக்கிறதே என்று எல்லா ஃபைலின் வாலையும் மாஷ் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்து, இனம் கண்டு, வாலை ஒட்ட வைத்தேன்.

ஒட்டும்போது மாஷின் மூக்குக் குரலிலேயே வகுப்பும் எடுத்துவிட்டேன். "எலே, இனி ஒரு தடவை மிமிக்ரி கேட்டேன், நேரே ரப்பர் விளைக்குப் போயிரு!" என்று ராஜன் அண்ணன் கத்தினார். மாஷ் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் கவலை வேறு. "எடோ, முற்றுப்புள்ளிக்குப் பொறவு ஒண்ணும் கெடையாதுன்னாக்கும் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சது!"

பேசாத நோட்டீஸ்

கோயில் திருவிழா. மைக் செட் ஜீப் கடை வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. கமிட்டிச் செயலாளர் சுகுமாரன் மாமன் டிரைவரிடம் கொடுத்துவிட்ட பென்டிரைவில் 'நோட்டீஸ்.எம்பி3' பாடமாட்டேன் என்கிறது. அன்னதானத்துக்கு ஊரைக் கூப்பிடும் அறிவிப்பு அது. உள்ளே பார்த்தேன். மறுபடியும் போட்டோ! கையால் எழுதிய நோட்டீஸைப் படமெடுத்து, எம்பி3 இருந்தால்தான் ஜீப் பேசும் என்று யாரோ சொன்னதற்காகப் பேரை மட்டும் மாற்றியிருக்கிறார் மாமன். போன் போட்டால் எடுக்கவில்லை, கோயிலில் செண்டைமேளச் சத்தம்.

டிரைவர் கத்த, ராஜன் அண்ணன் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "சரிலே, இந்த ஒருக்க மட்டும் செய்."

படத்தைத் திறந்து வைத்து, மாமனின் கரகரத்த குரலில், நடுவில் அவருடைய இருமலும் சேர்த்து வாசித்துப் பதிவு செய்தேன். ஜீப் முழங்கிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் மாமன் மூச்சிரைக்க ஓடி வந்தார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்குமோ என்று அண்ணனும் நானும் சுவரோடு ஒட்டி நின்றோம். மாமன் அண்ணனின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "கண்டியா ராஜா! பேரு மாத்தினா போதும்னு நான் சொன்னேன்லா? என் சத்தத்துலயே வாசிச்சிருக்கு, இருமல் கூட விடல்ல!"

அன்றிலிருந்து ஊரிலுள்ள போட்டோவெல்லாம் எம்பி3 என்று பேரை மாற்றிக்கொண்டு எங்கள் கடைக்குப் பேச வருவதால், எனக்கு வேலை நிலைத்துவிட்டது, தொண்டைதான் போய்விட்டது.