தீர்த்தகிரியின் வாய்ஸ் நோட்

தீர்த்தகிரி அண்ணனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வாய்ஸ் நோட்டுக்கு முதல் கட்டைவிரலைத் தூக்கியவனே நான்தான்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். அண்ணன் பத்து பீஸுக்கு ஒருமுறை மிஷினை நிறுத்தி அளப்பார். மயிரிழை விலகியிருந்தாலும் கூச்சப்படாமல் செட்டிங்கை மாற்றுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊர் மாந்தோப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவ்வளவுதான். இம்மியும் நகரமாட்டார்.

தை மாதம். விவசாயம் படித்த மேகலா குரூப்பில் எழுதினாள்: "பூ விரிஞ்சிருக்கும்போது மருந்து அடிக்காதீங்க. தேனீ, ஈ எல்லாம் செத்துட்டா பிஞ்சு பிடிக்காது."

அண்ணனுக்கு வந்ததே கோபம்! உடனே பேசி அனுப்பினார். "ஏம்மா, இருவது வருசமா தோப்பு வச்சிருக்கேன், எனக்கே பாடமா? பூவ உறிஞ்சுற தத்துப்பூச்சி, பூவுல மருந்தடிச்சாத்தான் சாவும். நாளைக்கு நானே வந்து வேணாம்னு சொன்னாலும் கேக்காதீங்க. பேச்சு மாத்துற ஆளு நானில்ல!"

சிங்கம் படமும் கைதட்டலுமாக வந்து குவிந்தன. மேகலா குரூப்பை விட்டே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் என்னைத் தன் தோப்புக்கு இழுத்துப் போனார். மருந்தடித்த மரங்களில் பூ கருகிக் கொட்டிக் கிடந்தது. மருந்தடித்த அன்றைக்குக் குழாய் வெடித்ததால் கடைசி நான்கு மரத்துக்கு மட்டும் மருந்து போகவில்லை. அந்த நாலிலும் பட்டாணி பட்டாணியாகப் பிஞ்சு.

"குரூப்ல போட்டுடுங்கண்ணா" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிகினு போடறது? அந்தப் பொண்ண அவ்ளோ பேசிட்டு?"

அடுத்த நான்கு நாளும் டீ பிரேக்கில் டைப் செய்வதும் அழிப்பதுமாக இருந்தார். "அண்ணன் சொன்னபடி அடிச்சாச்சு" என்று யாராவது போட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கினார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பளாரென்று ஒன்று விடலாம் போலவும் இருந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிறு, இருவரும் ஊரில்தான் இருந்தோம். காலையில் வெங்கடம்மாளின் செய்தி வந்தது. பக்கத்துத் தோப்புக்காரி, புருஷன் இல்லை. அந்த முப்பது மரத்தில் காய்த்தால்தான் அவளுக்கு வருஷம் ஓடும். அவள் மரங்கள் தாமதமாகப் பூத்து, அப்போதுதான் விரிந்திருந்தன. "மருந்து வண்டி வந்திருச்சு. தீர்த்தகிரி சொன்னபடி அடிக்கப் போறோம்."

அண்ணன் ஒரே மூச்சில் எழுதினார்: "நான் சொன்னது தப்பு. பூவுல யாரும் மருந்து அடிக்காதீங்க."

"அண்ணன் போன யாருப்பா எடுத்தது?" என்றான் ஒருவன். "மேகலா மடக்கிட்டாளா?" என்றான் இன்னொருவன். மூன்றாவது ஆள் பழைய வாய்ஸ் நோட்டையே எடுத்துத் திரும்பப் போட்டான். நான்கு மரத்தைக் கண்ணால் பார்த்த நானும், நமக்கேன் வம்பு என்று வாயைத் திறக்கவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்!

பைக்கில் பறந்தோம். தோப்பில் பூவெல்லாம் ஈ மொய்த்துக் கிடந்தது. வண்டிக்காரர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, நிறுத்து! அடிக்காத!"

வெங்கடம்மாள் போனை அமுக்கினாள். அண்ணன் குரலே கேட்டது: "நாளைக்கு நானே வந்து வேணாம்னு சொன்னாலும் கேக்காதீங்க."

"இதுவும் நீதானேப்பா? உன் தோப்புக்கு மட்டும் அடிச்சுக்குவே, எனக்கு வேணாமா?"

"என் மரத்த வந்து பாருக்கா, ரெண்டு எட்டுதான். உன் கால்ல வேணா விழறேன்."

"இந்த வண்டிய வுட்டா இன்னும் பத்து நாளைக்கு ஆள் கெடைக்காது. தள்ளுப்பா."

மோட்டார் ஓடத் தொடங்கியது. அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்து, அந்த வாய்ஸ் நோட்டைத் தேடி அழிக்கப் பார்த்தார். நாள் கடந்துவிட்டதால் எல்லோரிடமிருந்தும் அழிக்க வழியில்லை. உங்களுக்கு மட்டும் அழிக்கலாம் என்று காட்டியது.