அழகர் நட்ட நாலு கம்பு

வத்துகாமத்திலிருந்து மடுல்கெல்லைக்கு ஏறும் வண்டிப்பாதையில், பன்விலை தாண்டியதும் பாதை வளைந்து திரும்புகிற ஒரு முடக்கு வரும். அங்கே நாலு கம்பு முனி கோயில் இருக்கிறது. எந்த வண்டிக்காரனும் அங்கே நின்று கும்பிடாமல் போவதில்லை. அந்த முனி எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒரு கங்காணியின் கனவிலே வந்தாராம், பூமியைப் பிளந்துகொண்டு வந்தாராம். அதெல்லாம் இல்லை. அவர் அமெரிக்காவிலிருந்து வந்தார். நான் கூட இருந்து பார்த்தவன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கண்டிக் கடைவீதியின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். இன்றைக்கு இந்தக் கணபதியின் வண்டி வராமல் கண்டி ஸ்டேஷனிலிருந்து ஒரு தோட்டத்துச் சாமானும் மலை ஏறாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இது என் கதை இல்லை. அழகரின் கதை.

அழகர் என்னைவிட மூத்தவர். மதுரைப் பக்கத்து ஆள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளை வந்து, கோப்பி மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் ஆனவர். மாடுகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். "வாங்க ராசா, இந்த ஏத்தத்தை மட்டும் பாத்துக்குங்க" என்பார். மனுசர்களை "டேய்" என்பார். பெண்சாதி வடிவம்மாவும் வண்டியோடுதான் வருவாள். வழியில் கல் கூட்டிச் சமைப்பாள். இரவில் இருவருக்கும் வண்டிக்கு அடியில்தான் படுக்கை. இரண்டு பிள்ளைகள் பிறந்து, மழையிலும் குளிரிலும் இரண்டும் தங்கவில்லை. அந்த வருசம் மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள்.

"பெருமழைக்கு முன்னாலே எனக்கொரு கூரை வேணும். இல்லாட்டி நான் வந்த வழியே ஊருக்கு நடந்து போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

"புள்ளத்தாச்சி அவ்வளவு தூரம் நடப்பியா?"

"நடப்பேன். நீ வேணும்னா மாட்டோட இரு."

அவள் சொன்னால் செய்கிற ஆள். அழகருக்கு அது தெரியும். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தோட்டத்துக் கூலிக்காரனுக்குத்தான் காம்பிரா என்கிற ஓர் அறை கிடைக்கும். வண்டிக்காரன் எந்தத் தோட்டத்திலும் பெயர் பதிந்தவன் இல்லை. கண்டி டவுனில் இடம் பிடிக்க அவரிடம் வசதி இல்லை.

அந்த நேரத்தில்தான் கயிற்றுத் துரை வந்து சேர்ந்தார். கோப்பிப் பழம் உரிக்கும் மெஷினைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சரிபார்க்கிற அமெரிக்காக்காரர். எப்போதும் இடுப்பில் ஒரு சுருக்குக் கயிறு தொங்கும். ஓடுகிற மாட்டைக் குதிரையில் இருந்தபடியே அதை வீசிப் பிடிப்பேன் என்பார். இங்கே அவருக்குக் கிடைத்தது மட்டக்குதிரை ஒன்று, அதுவும் ஏற்றத்தில் நின்றுவிடும். மற்றத் துரைமார் அவரைப் பங்களா மேசையில் சேர்ப்பதில்லை. அதனால் பொழுதுபட்டால் வத்துகாமத்து வண்டிப்பேட்டைக்கு வந்துவிடுவார். அங்கே றவூப் நானாவின் அரிசிக் கடை வாசலில் உட்கார்ந்து, தோட்டத்தில் பழகிய தமிழில் தன் தேசத்துக் கதையை அளப்பார்.

எல்லாம் வண்டிக் கதைதான். துணிக்கூரை போட்ட வண்டிகள், மாடு பூட்டி, மாசக்கணக்கில் மேற்கே போகுமாம். மரமே இல்லாத புல்வெளியாம். பொழுது சாய்ந்தால் வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவிலே மாட்டை அடைப்பார்களாம்.

"இதையெல்லாம் நாங்களும் செய்றோம் துரை, சிறுத்தைக்குப் பயந்து" என்றேன் நான்.

"ஒரு தரம் பெரிய ஆறு. வெள்ளம். காட்டெருமை கூட்டமா நீந்திப் போகுது, கூட்டம் முடியலே" என்றார் துரை. "ஒரு வண்டிக்காரன் எருமை முதுகு மேலே வண்டி ஓட்டி அந்தப் பக்கம் போனான்."

அழகர் யோசித்தார். "மூட்டை நனையலியா?"

"ஒரு சொட்டு இல்லே."

"அப்ப அவன் கெட்டிக்காரன். நம்ம கணபதி வண்டியிலே வெயில் காலத்திலேயே மூட்டை நனையுது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் வண்டியில் ஒரு மூட்டையும் நனைந்தது கிடையாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் துரை அந்தச் சட்டத்தைச் சொன்னார். அவர் தேசத்து மேற்குப் பக்கத்தில் வெறும் நிலம் கிடக்கிறதாம். ஏழைக்கும் உண்டாம். "நாலு கம்பு நடு. வூடு கட்டு. அஞ்சு வருசம் இரு. பூமி உனக்கு."

"வண்டிக்காரனுக்கும் உண்டா?" அழகர் கேட்டார்.

"வண்டிக்காரனுக்குத்தான் முதல்லே."

றவூப் நானா தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அது சரி துரை, அந்தக் காணியிலே முந்தி ஆரு குடி ஈந்த?"

"இருந்தாங்க கொஞ்சப் பேர். இப்போ தூரம் போயிட்டாங்க."

"போனாங்களா, போக வச்சாங்களா?"

துரை சுங்கானில் புகையிலை அடைக்கத் தொடங்கினார். எங்கள் மலையிலும் சிங்கள ஊரார் வெட்டி எரித்துப் பயிர் செய்த சேனைக்காடுகள் அரசாங்கத்துக் காடு என்று எழுதப்பட்டு, துரைமார் கைக்குப் போனதை எல்லோரும் பார்த்திருந்தோம். அழகரின் காதில் இதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் மனசு நாலு கம்போடு நின்றுவிட்டது.

மறுவாரமே பன்விலை முடக்கில் இடம் பார்த்துவிட்டார். பக்கத்தில் ஊற்று, மேலே ஒரு தோட்டம், கீழே ஒரு தோட்டம். நடுவில் ஒருவரும் கோப்பி நடாத ஒரு துண்டு.

"அண்ணே, அது அமெரிக்காச் சட்டம். இங்கே காணி எழுதக் கச்சேரி ஆபீஸ் இருக்கு, கவர்மெண்டு ஏஜண்டு துரை இருக்கார்" என்றேன்.

"பூமி எங்கேயும் பூமிதான்டா" என்றார்.

நாலு கம்பு வெட்டினார். வெட்டியவர் சும்மா நட்டிருக்கலாம். எங்கள் சனம் கலியாணப் பந்தல்கால்கூட மஞ்சள் குங்குமம் வைக்காமல் ஊன்றாது. பிள்ளை பிறக்கப் போகிற வீட்டின் முதல் கம்பை வெறுங்கம்பாக ஊன்ற வடிவம்மா விடுவாளா? நாலு கம்புக்கும் மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, மாவிலை கட்டினாள். அழகர் தேங்காய் உடைத்தார். வண்டி மோதாமல் இருக்கட்டும் என்று பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கம்புத் தலையில் சுற்றிவிட்டார். பின்புறம் குடிசைக்கு மண் குழைத்தார்கள்.

விடிந்ததும் மேல்தோட்டத்துச் சனம் பழம் பறிக்கப் போனது. நடுக்காட்டில் மஞ்சளும் குங்குமமும் உடைந்த தேங்காயும் கண்டால் எங்கள் சனம் யார் வைத்தது என்று கேட்குமா? கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டது. பேச்சியம்மா என்கிறவள் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அங்கே மண் எடுத்துப் பூசினாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை சேவல் வந்தது. ஒரு சூலமும் வந்தது, முனி என்ற பெயரும் வந்தது.

அழகர் முதலில் சிரித்தார். "டேய் கணபதி, என் வீட்டு மூலைக்கு முன்னாலே விழுந்து கும்பிடுறானுங்கடா." வடிவம்மா சிரிக்கவில்லை. "சும்மா இரு" என்றாள்.

குடிசைக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்த அன்று மேல்தோட்டத்துத் துரை குதிரையில் வந்தார். அந்தத் துண்டு தன் எல்லைக்குள் வருகிறது என்றார். பின்னால் கறுப்பையாக் கங்காணியும் பத்துப் பதினைந்து ஆட்களும் வந்தார்கள். நான் வெற்று வண்டியோடு வந்தவன், ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன்.

"கம்பைப் பிடுங்கு" என்றார் துரை.

ஒருவரும் அசையவில்லை. ஒருவன் தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான், சாமிக்கு முன்னே நிற்கிற மாதிரி.

கறுப்பையா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "துரைகளே, இதைத் தொட்டா நாளைக்கு லயத்திலே ஆள் இருக்காது. பழம் மரத்திலேயே உதிர்ந்து போகும்."

பழம் சிவந்து நின்ற காலம். துரை மலையைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், பாதிக்கூரைக் குடிசையைப் பார்த்தார். "சரி. சாமி இருக்கட்டும். வண்டிக்காரன் போகணும், இன்றைக்கே."

அழகர் கூரையிலிருந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்தபோது என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'இது சாமி இல்லை, நான் நட்ட கம்பு' என்று அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் கம்பும் போகும், குடிசையும் போகும். சொல்லாவிட்டால் முனி இருப்பார், வடிவம்மா மழையில் நிற்பாள். நான் எவ்வளவோ துரைமாரோடு பேரம் பேசி ஜெயித்தவன், அந்த இடத்தில் என் மாட்டுக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வடிவம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். துரையிடம் பேசவில்லை, கங்காணியிடம் பேசினாள்.

"அண்ணே, நாங்க போறோம். அந்திக்கு விளக்கு வைக்கிறது ஆருன்னு மட்டும் சொல்லிடுங்க. ஏத்தத் தெரியாதவங்க ஏத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களைச் சொல்லக்கூடாது."

கறுப்பையா ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பொறுப்பை ஏற்க ஒருவனும் தயாராயில்லை. அவர் மெதுவாகத் துரையிடம் போனார். "துரைகளே, முனி இருந்தா பூசாரி பக்கத்திலேயே இருக்கணும். அந்தி தவறாம விளக்கு எரியணும்."

"இவன் பூசாரியா?"

"ஆமாங்க" என்றார் கறுப்பையா. கறுப்பையாவுக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று நான் பிறகு எத்தனையோ தரம் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பேச்சு பேசுவார்.

துரை குதிரையைத் திருப்பினார். "ஒரு அந்தி விளக்கு இல்லேன்னா வெளியே."

கூரை நின்றது. ஆனால் வண்டியோடு கண்டிக்குப் போய்த் திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகும், விளக்கு தினம் எரிய வேண்டும். வடிவம்மாவோ பெண்பிள்ளை, அதிலும் நிறைமாசம், முனி விளக்குப் பக்கம் போகக்கூடாது. அன்று சாயந்தரம் அழகர் மாட்டை அவிழ்த்து என் கையில் கயிற்றைக் கொடுத்தார்.

"இவங்க ஏத்தத்திலே கொஞ்சம் மூச்சு வாங்குவாங்க. அதட்டாதே" என்றார்.

இந்த ஆஸ்தியெல்லாம் நானாகச் சம்பாதித்தது. ஆனால் அதுவரை வாடகை வண்டி ஓட்டிய எனக்குச் சொந்தமான முதல் ஜோடி மாடு அழகருடையது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் ஆம்பிளை இல்லை.

பெருமழை வந்தது, கூரை தாங்கியது. பிறந்தது பெண். அதுவும் தங்கியது.

மழை விட்ட பிறகு கயிற்றுத் துரை அந்தப் பக்கம் வந்தாராம், வடிவம்மா எனக்குச் சொன்னது. திருநீறு பூசிக்கொண்டு நின்ற அழகரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"பூமி உனக்கு ஆச்சா?"

"எனக்கு இல்லே துரை. அவருக்கு ஆச்சு" என்று அழகர் கம்பைக் காட்டினார். "நான் குடியிருக்கேன்."

வடிவம்மா தொட்டிலை ஆட்டியபடி உள்ளேயிருந்து சொன்னாள்: "வீட்டுக்காரர் நல்லவர்தான் துரை. வாடகை கேக்கிறதில்லே. இந்த மனுசனைத்தான் அந்திக்கு எங்கேயும் விடமாட்டேங்கிறார்."

கீழே என் வண்டி ஏறி வருகிற சத்தம் கேட்டு அழகர் பாதையோரம் வந்து நின்றார். தன் பழைய மாடுகளிடம் இரண்டு வார்த்தை பேசினார். வெளிச்சம் குறைவதைப் பார்த்துவிட்டு, எண்ணெய் எடுக்க உள்ளே போனார்.