மூப்பு செல்லாத மைதானம்

பல்கலைக்கழக அணியில் என் மகன் மூன்று ஆண்டுகள் காத்திருந்தான். இந்நாட்டில் ஃபுட்போல் என்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. ஒரு தரப்பார் பந்தைக் கையில் ஏந்தியும் தம்முள் எறிந்தும் முன்னேற, மறுதரப்பார் அவர்களைப் பிடித்து வீழ்த்துவார்கள். பிடிக்கும் பன்னிருவருள் எல்லோருக்கும் பின்னால் தனித்து நிற்பவனுக்கு சேஃப்டி என்று பெயர். அவனையும் கடந்து ஓடியவனைத் தடுக்க அப்பால் ஆளில்லை. என் மகன் விரும்பியது அந்த இடத்தையே. அவனுக்கு முன்னிருந்த இருவரும் படிப்பை முடித்துக்கொண்டு போன கோடையில், இனி அவ்விடம் அவனுக்கே உரியது என்று நான் உறுதியாக நம்பினேன். அவனுக்கு எஞ்சியிருந்ததும் அந்த ஓர் ஆண்டுதான்.

அவ்வாறு நம்பியதற்கு என் தொழில் வாழ்க்கையே காரணம். லவால் நகரில் பொதி கட்டும் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே உணவுக்கூடத்துச் சுவரில் தொழிற்சங்கத்தின் சேவைமூப்புப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். பகல் வேலையானாலும், கோடை விடுமுறையானாலும், பாரம் குறைந்த இயந்திரமானாலும், பட்டியலில் மேலே இருப்பவரிடமே முதலில் கேட்பார்கள். பகல் வேலை கிடைப்பதற்கு நான் ஒன்பது ஆண்டுகள் பொறுத்திருந்தேன். எனக்குப் பின் வந்தவர்களில் என்னிலும் விரைவாகப் பெட்டி அடுக்குவோர் சிலர் இருந்தனர். அவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தங்கள் முறை வரும்வரை பொறுத்திருந்தார்கள். மேலாளரின் தயவை நாடி நிற்கத் தேவையில்லாத அந்த ஒழுங்கை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஓகஸ்ட் மாதப் பயிற்சி முகாமுக்குப் புதியவர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் லொங்குய் நகரிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் ஒருவன் சேஃப்டி இடத்துக்கென்றே அழைக்கப்பட்டவன். எறிபவனின் தோள் அசையும்போதே பந்து எங்கே இறங்கும் என்று கணித்து ஓடினான். அவனுடைய திறமை என் கண்ணுக்குத் தெரிந்தது. ஏற்றுக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. என் மகனோ மூன்று ஆண்டுகளாகக் கற்ற எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்தான். ஆயினும் அரை அடி பிந்தினான்.

காலைப் பயிற்சியைப் பார்க்க நான் நாள்தோறும் போனேன். இருக்கை வரிசையில் என்னுடன் ஹெயிட்டி நாட்டவர் ஒருவர் அமர்ந்திருப்பார். நகரப் பேருந்து ஓட்டுநர். பந்து எறியப்படும்போது வலப்புறத்தைக் காக்கும் ஹாஃப்பேக் இடத்தில் நின்றவன் அவருடைய மகன். அணியில் அவனுக்கு ஐந்தாம் ஆண்டு. புதியவர்கள் மூத்தவர்களைத் தள்ளிவிடுவார்களோ என்ற குறை இருவருக்கும் ஒன்றாயிருந்தமையால் எங்கள் பிரெஞ்சு ஒன்றாயில்லாதது பெரிதாகப் படவில்லை.

முகாமின் இரண்டாம் வாரத்தில் நான் பயிற்றுநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அணியினரின் சேவைக்காலத்தை ஒழுங்குபடுத்தி எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டவேண்டும் என்றும், தகுதி ஏறத்தாழ நிகராயிருக்கும்போது மூத்தவருக்கே இடம் தரவேண்டும் என்றும் இரண்டு பக்கங்களில் கேட்டிருந்தேன். அகராதியோடு நான்கு நாள் அமர்ந்து எழுதியது. ஓட்டுநர் அதை வாசித்து மூன்று பிழைகளைத் திருத்தினார்.

"நியாயமான பேச்சு. என் பெயரையும் போட்டிருக்கலாம்" என்றார்.

பயிற்றுநர் வேலியோரம் நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

"ஐயா எங்கே வேலை செய்தீர்கள்?"

"தொழிற்சாலையில்."

"சங்கம் இருந்ததோ?"

"இருந்தது."

"அதுதான் பார்த்தேன்" என்று சிரித்தார். "இங்கே பட்டியலை ஒவ்வொரு காலையும் புதிதாக எழுதுவோம்."

"அப்படியானால் மூன்று ஆண்டுகள் காத்திருந்ததற்கு என்ன மதிப்பு?"

"காத்திருக்கும்படி நாங்கள் சொல்லவில்லையே, ஐயா. ஆடும்படிதான் சொன்னோம்."

அவர் குரலில் ஏளனம் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அது இல்லாததே என்னை மேலும் வாட்டியது.

மறுநாள் மகன் பயிற்சி முடிந்து வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"அப்பா, ஆரைக் கேட்டுக் கடிதம் குடுத்தனீங்கள்?"

"உன்ர உரிமையைத்தானே கேட்டனான்."

"உரிமையோ? லாக்கர் ரூமிலை எல்லாரும் என்னைச் சங்கத் தலைவர் எண்டுதான் கூப்பிடுறாங்கள். தண்ணி குடிக்கப் போனாலும், 'கூட்டம் போட்டு முடிவெடுத்திட்டியோ' எண்டு கேக்கிறாங்கள்."

"அந்த லொங்குய்ப் பெடியனும் சிரிக்கிறானோ?"

"அவன் மட்டும் சிரிக்கேல்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு."

அந்த வாரக் கடைசியில் சேஃப்டி இடம் புதியவனுக்குப் போனது. என் மகனை வலப்புற ஹாஃப்பேக் இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். அங்கே ஓடவேண்டிய தூரம் குறைவு, நிதானமே முதன்மை. ஐந்து நாளில் அவன் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டான். செய்தியை அவன் சோறு தின்றுகொண்டே சொன்னான்.

"அதிலை நிண்ட பெடியன்?" என்று ஓட்டுநரின் மகனை நினைத்துக் கேட்டேன்.

"அவன் இனி ரெண்டாவது."

"அவன் உனக்கு மூத்தவனெல்லோ. அஞ்சு வருசமா அணியிலை இருக்கிறான்."

"ஓம் அப்பா. ஆனா நான் அவனிலும் நல்லா விளையாடினனான்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அவனுக்காகவும் ஒரு கடிதம் எழுதப் போறியளோ?"

எழுதுவதே முறை என்று எனக்குத் தெரியும். நான் கேட்ட நியாயம் உண்மையானதென்றால் அது என் பிள்ளைக்கு எதிராகவும் செல்லவேண்டும். மகனின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு கரண்டி கறியை வைத்தேன். எழுதவில்லை.

முதல் ஆட்டத்தன்று ஓட்டுநர் வழக்கமான வரிசையில் இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்து இருக்கையிலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பியிருந்தால் வேறிடத்தில் அமர்ந்திருப்பேன். பேருந்தில் வரும்போது பிரெஞ்சில் கோத்து வைத்திருந்த வாக்கியங்களோடு அவர் பக்கத்தில் அமர்ந்தேன்.

"உங்கள் மகன் நிதானமாக நிற்கிறான்" என்றார்.

"உங்கள் மகன் எப்படி இருக்கிறான்?"

"வீட்டில் பேசுவதில்லை."

ஆட்டம் தொடங்கியது. இரண்டாவது கால்பகுதியில், எங்கள் எல்லைக்கோட்டை நெருங்கிய எதிரணிக்காரன் ஒருவனை என் மகன் இடுப்பில் பற்றித் தரையில் சாய்த்தான். எங்கள் பக்கத்தார் எல்லோரும் எழுந்து ஆர்ப்பரித்தார்கள். ஓட்டுநரும் எழுந்து கைதட்டினார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன் கேட்டான்: "எல்லாரும் எழும்பினவை. நீங்கள் ஏன் எழும்பேல்லை?"

"முழங்கால் நோகுது" என்றேன்.