பாக்கலாம் சார்

ஒரு வில்லையை எடுத்துவிட்டு மறு வில்லையைச் செருகியபடி, "இப்படி நல்லா இருக்கா... இல்ல, இப்படி நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் அவர். இக்கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவர் குரல் தணிந்துவிடும். இருட்டறை நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு, யாரோ தம் தூக்கத்தைக் கலைக்காமலேயே தம்மோடு பேசுவது போலிருக்கும். எதிர்ச்சுவரில் எழுத்துகள் கலங்கும்; தெளியும்; மீண்டும் கலங்கும். "முதல்ல போட்டதா, ரெண்டாவதா? அவசரமில்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குன்னாலும் சொல்லலாம், அடிக்க மாட்டேன்."

எங்கள் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் அவர். ஐம்பதை நெருங்கும் வயது, நெட்டை உருவம். கடையின் தாழ்ந்த வாசலுக்குக் குனிந்து குனிந்து, வெட்டவெளியில் நடக்கும்போதும் தலை சற்றுச் சாய்ந்தே இருக்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துடைதுணி. பேச்சுவாக்கில் எதிராளியின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். கழற்றியதும் தெரியாது, மாட்டியதும் தெரியாது. உலகம் திடீரென்று துலங்கியது மட்டும் தெரியும்.

நாள் முழுவதும் பிறரை 'இதுவா, அதுவா' என்று தீர்மானிக்க வைக்கும் இம்மனிதர், தம் தீர்மானம் என்று வரும்போது ஒரே சொல்லில் ஒதுங்கிக்கொள்வார்: "பாக்கலாம்." 'லாம்' என்னும் ஈறு இசைவுக்கும் இயல்வுக்கும் ஐயத்துக்கும் ஒருசேர இடங்கொடுப்பது. அவரோ அதையே விடைபெறவும் பயன்படுத்துவார், மறுக்கவும் பயன்படுத்துவார். தெருவில் அவருக்கு அதுவே பெயராகி, 'பாக்கலாம் சார்' என்றால்தான் ஆளைத் தெரியும். கல்லூரியில் படிக்கும் மகள் இதற்கு உரையே வகுத்திருக்கிறாள். "அப்பா தலையை ஆட்டிக்கிட்டு 'பாக்கலாம்'னா நாளைக்கு. மேல பாத்துக்கிட்டுச் சொன்னா அடுத்த வருஷம். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னா, அந்தப் பேச்சையே விட்டுடணும்."

அவர் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்ப்பவர். கணவரின் தோளுக்கும் எட்டாத உயரம், எதையும் பாதியில் விடாத நடை. வீட்டில் உள்ளது ஒரே கார். காலையில் மனைவியைக் கூடத்தில் இறக்கிவிட்டு அவர் கடைக்கு வருவார். மாலையில் கடையடைத்தபின் கூடத்து மதிலோரம் காரை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்துப் படுத்துக் காத்திருப்பார். மரங்களின் நிழல் முன்கண்ணாடியில் ஊர்ந்து ஏறும். மேகம் ஒன்று கண்ணாடியின் ஒரு மூலையில் நுழைந்து மறுமூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் தாம் ஒரு பிறவி வாழ்ந்துவிடுவதாக ஒருமுறை என்னிடம் சொன்னார். மனைவி வந்தமர்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார். அதற்காகவே அந்தப் பக்கத்து இருக்கை பின்னுக்குத் தள்ளியே வைக்கப்பட்டிருக்கும். பாலத்து நெரிசலில் கார் அங்குலம் அங்குலமாக நகரும். இவர் வழிவிட்டு வழிவிட்டு இன்னும் தாமதமாக்குவார்.

இருட்டறையில் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காரணத்தையும் அவரே சொன்னார். இருட்டில் எதிராளியின் முகம் தெரியாததால் சொல்லியிருக்கலாம். "அவ என்கிட்ட பேசுறது வண்டியிலதான் சார். வீட்டுக்குள்ள நுழைஞ்சா துணி காஞ்சுதா, கதவைப் பூட்டியாச்சான்னு ரெண்டு பேரும் அந்த வீட்டுக்கே வேலைக்காரங்க ஆயிடுறோம். வண்டியிலதான் புருஷன் பொண்டாட்டி."

இப்போது அந்த வண்டிக்குத்தான் சோதனை. ஆற்றுக்கு அக்கரையில் திறக்கவிருக்கும் புதிய கிளைக்கு மனைவியையே பொறுப்பாளராக வரும்படி அழைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அவர் எதிர்பார்த்திருந்த பதவி அது. வேலையோ விடியலில் தொடங்கும். இடமோ கடைக்கு நேரெதிர்த் திசை. பேருந்தும் அங்கே போவதில்லை. வீட்டுக்கு இரண்டாவது கார் ஒன்று வந்தால் போகலாம், இல்லையென்றால் இல்லை. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருப்பவர் தம் பழைய காரை மலிவாக விற்க முன்வந்ததும் அதே வாரத்தில்தான். துணி ஏற்றிச் செல்ல வேன் வாங்கிவிட்டார். கார் நீல நிறம். வெயிலில் வெளுத்து எந்த நீலம் என்று சொல்ல முடியாத நீலம். "வெளுக்கிறவன் வீட்டு வண்டி வேற எப்படி இருக்கும்?" என்பது அவர் வாதம். உள்ளே உட்கார்ந்தால் சூடான வெள்ளைத் துணியின் வாசனை வரும்.

பாக்கலாம் சார் முதல்முறை வந்தபோது எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. சக்கரத்தை உதைத்துப் பார்க்கவில்லை. முன்னால் குந்தி அமர்ந்து விளக்குகளையே நெடுநேரம் நோக்கினார். மேலோடு மஞ்சளடைந்திருந்தது. "புரை விழுந்திருக்கு" என்றார். சட்டைப்பைத் துணியை எடுத்து இரண்டையும் தேய்த்துத் துடைத்தார்.

சலவைக்கடைக்காரருக்குச் சிரிப்பு. "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் காசுக்குக் குடுக்கிற மாட்டுக்கு நீங்க கண்ணைப் பிடிச்சுப் பாக்குறீங்களே சார். அப்ப என்ன, எடுத்துக்கறீங்களா?"

"பாக்கலாம்" என்றார் அவர், துடைத்துக்கொண்டே.

மகள் வகுத்த உரை சலவைக்கடைக்காரருக்குத் தெரியாது. அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு, அடுத்து விசாரித்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவரோ மறுநாளும் வந்தார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கதவுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டார். எங்கும் போகாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். வெளியே கொடியில் தொங்கிய வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்புவதும் அடங்குவதுமாக இருந்தன. உள்ளேயிருந்து பார்த்தால் கார் மேகங்களுக்கிடையே போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியிருக்கலாம். பக்கத்து இருக்கையை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதில் யாரும் இல்லை. இறங்கியபோது முகம் வாடியிருந்தது. "பாக்கலாம்" என்றார். இம்முறை கடைக்காரர் அதை மறுப்பென்று கொண்டு, திருப்பி அனுப்பியவரை ஞாயிறு மாலை வரச்சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு மதியம் தூறல் விட்டிருந்த நேரம். நான் துணி கொடுக்கக் கீழே இறங்கியபோது, பாக்கலாம் சார் மனைவியோடு வந்திருந்தார். அவர்களுடைய கார் தெருவோரம் நீலக் காருக்குப் பின்னால் நின்றது. சலவைக்கடைக்காரர் சங்கடத்துடன் இன்னொருவர் மாலையில் வரவிருப்பதைத் தெரிவித்தார். உடனே சார் பேச்சைத் திருப்பி நீல வண்டியின் குறைகளை அடுக்கத் தொடங்கினார்: கதவு முனகுகிறது, கூரைத் துணி தொங்குகிறது, விளக்கில் புரை. கை சட்டைப்பைத் துணியைத் தேடிப் போயிற்று.

மனைவி அந்தக் கையைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, நீங்க வந்து கூட்டிட்டுப் போறது எனக்குப் பிடிக்கும். நீங்க வந்தாத்தான் போக முடியும்ங்கிறதுதான் பிடிக்கல."

சலவைக்கடைக்காரர் மடித்த துணியையே மறுபடி மடிக்கத் தொடங்கினார். நானும் என் சட்டைகளை மறுபடி பரிசோதித்தேன்.

சார் சின்னப் பிள்ளை கேட்பதுபோல், "அப்ப சாயங்காலம்?" என்றார்.

"சாயங்காலம் வீட்டுலயும் வரும்ங்க. நாமதான் அதுக்குக் கதவைத் திறக்கறதில்ல."

சாரின் கை சட்டைப்பை வரை சென்றது. ஆனால் துணியை எடுக்காமல் இறங்கிவிட்டது. நீலக் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்தார், அது முனகியது. குனிந்து இருக்கையின் அடியில் கைவிட்டுக் கம்பியைத் தூக்கி, இருக்கையை முன்னால் இழுத்தார். நின்று மனைவியின் கால்களை ஒருமுறை நோக்கினார். இன்னும் சற்று இழுத்தார். பிறகு கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மனைவி ஏறி அமர்ந்தார். ஓட்டுநர் உரிமம் எடுத்தபின் பல்லாண்டுகளாக அவர் அந்தப் பக்கம் அமர்ந்ததில்லை. பாதம் சரியாகப் பெடலைத் தொட்டது. புடைவையை ஒதுக்கிக்கொண்டு இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தார். யாரோ பிடித்துக் காட்டச் சொன்னதுபோல் மெதுவாக வைத்தார். விரிப்புகள் உப்பின, அடங்கின. ஈரத் தெருவின் வெளிச்சம் காருக்குள் வந்து கூரையில் அலையாடியது.

வெளியே நின்றபடியே உடலை இரண்டாக மடித்து, தலையைச் சாய்த்து, சார் உள்ளே கைநீட்டினார். மேலேயிருந்த பின்பார்வைக் கண்ணாடியைத் தம் உயரத்திலிருந்து மனைவியின் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

"இப்படி நல்லா இருக்கா..." விரல் ஒரு மயிரிழை நகர்ந்தது. குரல் தணிந்துவிட்டிருந்தது. "இல்ல, இப்படி நல்லா இருக்கா? அவசரமில்ல."

மனைவி நிமிர்ந்து நோக்கினார். கண்ணாடியில் தூறல் காயாத தெரு இருந்தது. அதன் நடுவே, பக்கத்து இருக்கை பின்னுக்குத் தள்ளியே கிடக்கும் அவர்களுடைய பழைய கார் இருந்தது.

"ரெண்டாவது" என்றார்.

"பாக்கலாமா?"

"பாக்கலாம்."

சார் கண்ணாடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.