லீவுக்குப் போட்ட மாலை

எங்கள் ஊரில் ஆம்பளை என்றால் விடிவதற்குள் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, அப்படி ஆகிவிட்டது. கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பிழைப்பு பெங்களூரில். பெங்களூர் ரயில் விடியற்காலையில். காலை ஒன்பது மணிக்கு ஒருவன் லுங்கியோடு தெருவில் நின்றால் அவன் பென்ஷன்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போனவனாக இருக்க வேண்டும். என் அப்பா கடைசிக் காலத்தில் அப்படித்தான் நின்றார். யாராவது வந்தால் சைக்கிளைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்வார்.

நான் வேலை செய்வது ஒரு கன்சல்டிங் கம்பெனியில். பேரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு மண்ணைச் சோதித்து, இந்த இடம் இத்தனை மாடி தாங்கும் என்று யோசனை சொல்கிற கம்பெனி. யோசனை சொல்வது இன்ஜினியர்கள். துளை போட்டு, வருகிற மண்ணையும் கல்லையும் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது நான். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன்.

போன ஐப்பசியில் என் மனைவிக்குக் கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எங்கள் ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள், அப்போது மாசமாக இருந்தாள். வர முடியவில்லை. ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகும்போது மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற யாரும் வாணாம்யா. எழுந்து நடக்கிற வரைக்கும் நீயே கூட இரு.”

இருக்கிறேன் என்றேன். அவள் அப்படி எதையும் கேட்டதே இல்லை.

இருந்த லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்தது. மேனேஜருக்கு போன் செய்தேன். நல்ல மனுஷன். “லாஸ் ஆஃப் பேயில் எடுத்துக்கொள், வேலை எங்கேயும் போகாது” என்றார். அதற்கு முந்தின வருஷம் எங்கள் இன்ஜினியர் ஒருவர் இதே மாதிரி சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு இமயமலைக்குப் போனார். கேக் வெட்டி அனுப்பினோம். அதே லீவுதான் எனக்கும். ஆனால் எனக்கு அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சமையல், துணி, அவளைத் தாங்கிக்கொண்டு பின்கட்டு பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி கட்டு மாற்றுவது எல்லாம் என் வேலை. அதெல்லாம் கஷ்டமாகத் தெரியவில்லை. தெருக்குழாய்தான் கஷ்டம். தண்ணீர் வருகிற நாளில் குடம் வரிசையாக நிற்கும், பக்கத்தில் பொம்பளைகள் நிற்பார்கள். அவர்கள் நடுவில் நான்.

“இன்னாண்ணா, ரயில உட்டுட்டியா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“லீவு.”

“அது இன்னா லீவு? போன தண்ணிக்கும் லீவு, இந்தத் தண்ணிக்கும் லீவு!”

“வுடுடி,” என்றாள் கோடிவீட்டு அக்கா. “மாமியார் இல்லாத வூடு, மாமனே மாமியாராயிட்டாரு. கொடியில காயிற புடவையப் பாரு. நம்ம கூட அவ்ளோ வெளுப்பா தொவைக்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவள் புடவையைக் கொடியில் போடாமல் வீட்டுக்குள்ளேயே உலர்த்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது, பல வருஷமாக ரயிலில் எதிர் சீட்டில் வருகிற நண்பன் பிடித்துக்கொண்டான்.

“இன்னாப்பா, உன் சீட்டு காலியாவே கீது. தூக்கிட்டாங்களா?”

“சே, அதெல்லாம் இல்ல.”

“என்கிட்ட மறைக்காத. நாலு எடத்துல சொல்லி வைக்கிறேன்.”

பாசமாகத்தான் சொன்னான். எனக்கு சைக்கிளைத் துடைத்த அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. மனைவியைப் பார்த்துக்கொள்ள இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அப்போதுதான் எதிரே துணிக்கடையில் தொங்கின கறுப்பு வேட்டிகள் கண்ணில் பட்டன. கார்த்திகை பிறந்திருந்தது.

ஐயப்பனுக்கு நான் முன்பே பல தடவை மாலை போட்டு மலைக்குப் போனவன். மாலை போட்டவன் வேலைக்குப் போகாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தானே சமைக்கலாம், தானே துவைக்கலாம், பொம்பளைகள் நடுவில் குடத்தோடு நிற்கலாம். எல்லாவற்றுக்கும் விரதம் என்று பேர் வந்துவிடும். அவளுக்கு உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டேன் என்று இப்போது சொன்னால் அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி சாமிக்குத் தெரியும்.

நந்திதுர்க் சுரங்கத்துக்குப் பக்கத்துக் கோயிலில் குருசாமி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். “வூட்ல எல்லாம் சரியா கீதா? போடலாமா?”

“சரியா கீது சாமி,” என்றேன். சாமி சன்னதியில் நின்றுகொண்டு சொன்னேன்.

கறுப்பு வேட்டியோடு வீட்டுக்குள் போனபோது அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வலியோடு எழுந்து உட்கார்ந்து கை கூப்பினாள்.

“எனக்காகவா சாமி?”

கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘யோவ்’ என்று கூப்பிட்டவள். “ஆமா” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. அடுத்து நான் அவளைத் தாங்கி எழுப்பக் கையை நீட்டினேன். சட்டென்று சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

“தொடாதீங்க சாமி. எனக்கு இன்னும் ரத்தம் நிக்கல. தீட்டு. உங்க விரதம் கெட்டுடும்.”

அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. தெருவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தவன் வீட்டுக்குள் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தானே பாத்ரூமுக்குப் போனாள். முகம் பார்க்கிற கண்ணாடியை வயிற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு தானே கட்டு மாற்றினாள். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடட்டுமா என்றால், “வாணாம் சாமி, கூச்சமா கீது” என்றாள். தன் துணியைக்கூட என்னிடம் கொடுக்கவில்லை. சாமி கையால் தொடக்கூடாதாம்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்றால், குழாயடியில் அவர்கள் குடத்தை ஒதுக்கி, “சாமி, நீங்க மொதல்ல புடிங்க” என்று வழி விட்டார்கள். கோடிவீட்டு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினாள். ரயில் நண்பன் வீட்டு வாசலில் வந்து, “சாமி சரணம், சொல்லக் கூடாதா? நான் இன்னான்னவோ நெனச்சுட்டேன்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு காலையில் பூஜையில் உட்கார்ந்து சத்தமாகச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் மக் உருண்ட சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். எல்லாச் சரணமும் சொல்லி, கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டு, விபூதி கொடுக்கக் கட்டில் பக்கம் போனால் அவள் இல்லை.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊற வைத்த துணி பக்கெட்டோடு சாய்ந்து கிடந்தது. ஒரு கை அடிவயிற்றில். முகத்தில் ரத்தமே இல்லை.

“கிட்ட வராதீங்க சாமி. பூஜை முடிஞ்சுதா?”

“எவ்ளோ நேரமா இப்படி உக்காந்துகீற?”

“நீங்க சரணம் சொல்ல ஆரம்பிச்சதும் வந்தேன். பக்கெட்ட தூக்குனேன், சுருக்குன்னு புடிச்சுகிச்சு.”

“கூப்பிடக் கூடாதா!”

“பூஜைல கீற சாமிய எப்படிக் கூப்பிடுறது?”

உள்ளே ஓடினேன். மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தின் காலடியில் வைத்தேன். என்ன சொல்லி வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“அது உனக்காகப் போட்டது இல்ல. வேல போயிடுச்சுன்னு தெருவுல நெனைக்கிறாங்க. குழாயடியில சிரிக்கிறாங்க. அதுக்காகப் போட்டேன்.”

அவள் என் வெறும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“யோவ், குளுருது. தூக்கு,” என்றாள்.

ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டைக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினேன். தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. பெரிய ஆபத்து இல்லை, படுக்கையிலேயே இருக்கட்டும், கனம் எதையும் தூக்கக் கூடாது என்றார். சாயங்காலம் நான் கட்டு மாற்றும்போது கேட்டாள்.

“என் புடவையத் தொவைக்கிறது உனக்கு அவ்ளோ அவமானமா?”

நான் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு மட்டும் வெக்கமில்லாமயா உன்கிட்ட எல்லாத்தையும் காட்டிகினு படுத்துகீறேன்?”



மறுநாள் மாலையை எடுத்துக்கொண்டு போய்க் குருசாமியிடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பூஜை அறையில் இப்போதும் விளக்கேற்றுகிறேன். படத்தில் சாமியின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை, காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

அடுத்த தண்ணீர் நாளில் லுங்கியோடு குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டுக்காரி பழக்கத்தில் தன் குடத்தை ஒதுக்கியவள், என் கழுத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“இன்னா சாமி, மால எங்க?”

“கழட்டிட்டேன். அவ எழுந்து நடக்கிற வரைக்கும் நாந்தான் பாத்துக்கணும். சம்பளம் இல்லாம லீவு போட்டுகினு வூட்ல கீறேன். அதச் சொல்ல வெக்கப்பட்டுகினு மால போட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோடிவீட்டு அக்கா, “அய்யப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி தன் குடத்தை மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

“அப்ப வரிசையில நில்லுண்ணா,” என்றாள்.

கடைசியில் போய் நின்றேன். காது சுட்டது. என் முறை வருவதற்குள் வீட்டிலிருந்து “யோவ்!” என்று குரல் வந்தது, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. பாத்ரூமுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, எல்லோரும் பார்க்கப் போனேன்.