காற்று பார்க்கும் கேப்டன்

வாசலுக்கு வந்ததும் கேப்டன் லூர்துசெல்வி எதிர்வீட்டு மாடித் துணிக்கொடியைத்தான் முதலில் பார்ப்பார். கையில் காப்பி டம்ளர் இருக்கும். புடவை எந்தப் பக்கம் பறக்கிறது, எவ்வளவு எழும்புகிறது, விழும்போது சட்டென்று விழுகிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "மேக்கால காத்து. நல்லா அடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவார். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். அந்தத் தொழில் பழக்கம் லீவில் திண்டிவனம் வந்தாலும் அவரை விடுவதில்லை.

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளுக்கு இது புரியவில்லை. தன் புடவைகள்மேல் இவருக்கு ஒரு கண் என்று நினைத்து, நல்ல புடவைகளையெல்லாம் வீட்டுக்குள்ளேயே உலர்த்த ஆரம்பித்தார். ஒருநாள் கேட்டும் விட்டார்.

"இன்னா செல்வி, எம் பொடவையே மொறைச்சிக்கினு நிக்கிற?"

"காத்து பாக்குறேன்க்கா."

"காத்த எவளாவது பாப்பாளா?"

"பாக்கலன்னா என்னைய வேலைய விட்டுத் தொரத்திடுவாங்கக்கா."

சொந்த ஊர் காணை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பாக்கியராஜ், முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் டிராக்டர் ஓட்டியவர். சிறுமி லூர்து யாருக்கும் தெரியாமல் லோடின் உச்சியில் ஏறிப் படுத்துக்கொள்வாளாம். ஊரில் அதைவிட உயரமானது மாதா கோயில் கோபுரம் ஒன்றுதான். "அது நகராதுங்களே. எனக்கு நகர்ற ஒசரம்தான் வேணும்" என்கிறார். விமானப் பயிற்சிக்குப் போனபோது, பெண் ஏர்ஹோஸ்டஸ் ஆகிறாள் என்று உறவினர்கள் புரிந்துகொண்டார்கள். பாதிப்பேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இவரும் திருத்துவதில்லை. "டீ குடுக்கும்போது பிளேன் ஆடாதா?" என்று ஒரு சித்தி கேட்டதற்கு, "ஆடும் சித்தி. நான்தான் ஆட்டுறேன்" என்றார்.

கணவர் ஆனந்தராஜ் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஏணியில் இரண்டாவது படிக்குமேல் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். ஆனாலும் வீட்டில் அவர்தான் துணை விமானி. இருவரும் வெளியே கிளம்பினால் வாசலில் நின்று ஒரு சடங்கு நடக்கும்.

"கேஸு?"

"ஆஃப்."

"மோட்டாரு?"

"ஆஃப்."

"பின்கதவு?"

"பூட்டியாச்சி."

"பாத்துட்டு சொல்றீங்களா, பாக்காம சொல்றீங்களா?"

ஆனந்தராஜ் மறுபேச்சில்லாமல் உள்ளே போவார். பெரும்பாலும் கதவு திறந்துதான் இருக்கும்.

திருச்சி விமானம் ஓட்டும் நாட்களில் ஒலிபெருக்கியில் வானிலை சொல்லிவிட்டு, "இப்ப கீழ தெரியறது திண்டிவனம். அங்க என் வீட்டுக்காரர் துணி காயப்போட்டுக்கினு இருப்பார்" என்று ஒருமுறை சேர்த்துக்கொண்டார். பயணிகள் ஜன்னல்களில் முண்டியடித்துத் தேடினார்கள். கம்பெனியில் விளக்கம் கேட்டார்கள். "பொய் இல்லைங்க, போன் பண்ணிக் கேட்டுப் பாருங்க" என்பது இவர் தந்த விளக்கம்.

இத்தனை உயரத்தில் ஒன்றும் ஆகாதவர் விழுந்தது மொபெட்டிலிருந்து. போன வருடம் அப்பாவைப் பார்க்கப் போகும் வழியில், தலைக்குமேல் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. யார் எங்கே இறங்குகிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, சாலையோரம் காயவைத்திருந்த மல்லாட்டைக் குவியலுக்குள், வேர்க்கடலைக்கு நடுவே போய் இறங்கினார். குவியலுக்குச் சொந்தக்காரர் சீனுவாசன் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

"யம்மா, கண்ண எங்க வெச்சிக்கினு வந்த?"

இவர் வலக்கையால் வானத்தைக் காட்டினார். இடக்கை மணிக்கட்டு உடைந்திருந்தது. விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட சீனுவாசன், "பைலட்டா? மொதல்ல இத்த ஓட்டக் கத்துக்கம்மா" என்று மொபெட்டை நிமிர்த்தி நிறுத்தினார்.

அதுவரைதான் சிரிப்பு. கேப்டன் உட்காருவது இடது இருக்கை. விமானத்தைத் திருப்புவது இடது கை. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு மணிக்கட்டு பாதிதான் திரும்பியது. முழுதும் திரும்பாவிட்டால் விமானம் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று சென்னையில் மருத்துவர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த லூர்துசெல்வி மறுநாள் காலை வாசலில் நின்று காப்பி குடித்தார். எதிரே கொடியில் புடவை படபடத்தது. தலை நிமிரவே இல்லை.

இரண்டு மூன்று நாள் இதைப் பார்த்த கோவிந்தம்மாள், ஒரு வாளி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்கு வந்தார்.

"எம் பொடவையே பாத்துக்கினு இருப்ப இல்ல? வா, வந்து புழி."

"கை திரும்பலக்கா."

"திரும்பறவரைக்கும் திருப்பு."

முதல் நாள் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது. வலியில் கண்ணும் சேர்ந்து வடிந்தது. கோவிந்தம்மாள் அசரவில்லை. "அழுவறதுன்னா அழுதுக்கினே புழி. எனுக்குத் துணி காயணும்." மருத்துவமனைப் பயிற்சி ஒருபக்கம், கோவிந்தம்மாளின் வாளி ஒருபக்கம். மழைக்காலம் முழுக்க இது நடந்தது. துணி போதாத நாட்களில் காய்ந்த போர்வையை நனைத்தும் கொடுத்தார் அந்த அம்மாள்.

தை மாதம் சென்னையில் மறு பரிசோதனை. ஆனந்தராஜுக்குப் பள்ளியில் தேர்வு வேலை என்பதால், அதே தெருக்காரன் என்ற முறையில் நான் துணைக்குப் போனேன். உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து ஓடினேன்.

"இன்னா ஆச்சிங்க?"

"பசிக்குது. ஜல்தியா சாப்பிடணும்" என்றார். ஓட்டலில் இரண்டாவது தோசையைப் பிய்க்கும்போதுதான், "பறக்கலாம்னுட்டாங்க" என்று சொன்னார். உடனே தலையைக் குனிந்துகொண்டு, தோசையை விட்டுவிட்டுச் சட்னியை மட்டும் சாப்பிட்டார்.

திரும்பும்போது பேருந்தில் இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தது. மதுராந்தகம் தாண்டியதும் ஓட்டுநர் வேகமெடுத்தார். லூர்துசெல்வி இடக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைக் காற்றில் படுக்கவைத்து, மணிக்கட்டை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தார். கை மேலே எழும்பியது. மறுபக்கம் சாய்த்தார். கீழே இறங்கியது.

"யம்மா, படிச்சவங்க மாதிரி கீறீங்க. கைய உள்ள இழுங்கம்மா!" என்று கண்டக்டர் கத்தினார்.

"சாரிங்க" என்று பணிவாகக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் முதுகைக் காட்டி அடுத்த டிக்கெட்டுக்கு நகர்ந்தார். கை மறுபடியும் வெளியே போனது.