பேரம் பேசாமல் போனவர்கள்

அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். அங்கே முதலில் சொல்லும் விலை கூடுதலாகத்தான் இருக்கும். வாங்க வருகிறவர்தான் அடித்துப் பேசிக் குறைக்க வேண்டும். ஆனால் சொன்ன விலைக்கே யாராவது சரி என்றுவிட்டால், மீனைக் கொடுத்தே ஆக வேண்டும். பின்வாங்கினால் பக்கத்துக் கடைக்காரிகள் முகத்தில் முழிக்க முடியாது.

போன வருடம் அடையாறிலிருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். விவசாயம், மீன்பிடி, சுற்றுச்சூழல் இவற்றின் பொருளாதாரத்தில் இனிமேல் எதை ஆராய்வது என்று எங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். எனக்கு அப்போதே பொறி தட்டியது. இவ்வளவு மரியாதையாக எங்களை யார் எதைக் கேட்டிருக்கிறார்கள்?

கடல் சூடாவது, ஐஸ் விலை என்றெல்லாம் பேசவிட்டுவிட்டு, கடைசியில் வந்தவர்களில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இந்தக் கடையை விட்டுட்டு வேற இடம் போகணும்னா மாசம் எவ்வளவு எதிர்பார்ப்பீங்கம்மா?"

அம்மா பழக்கதோஷத்தில் வாய்க்கு வந்த பெரிய தொகையைச் சொன்னாள். அந்தப் பெண் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள்.

"இன்னாடீ இது, ஒரு வார்த்த கொறச்சிக் கேக்காம போய்க்கினே கீது அந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

பேரம் பேசாதவர்களை நான் நம்புவதே இல்லை. அவர்கள் வாங்க வந்தவர்களாக இருக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் அப்போதே வாங்கி முடித்திருப்பார்கள்.

வாங்கித்தான் முடித்திருந்தார்கள். சில மாதம் கழித்து அடையாறில் நடந்த கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். ஏசி அறை, சமோசா, டீ. இனி ஆராய வேண்டியவை திரையில் வரிசையாக வந்தன. கடல் சூடாவது எங்கேயோ அடியில் கிடந்தது. முதலிடத்தில் கரையோரக் கடைகளை இடம் மாற்ற ஆகும் செலவு. தகுந்த தொகை கிடைத்தால் மீன்காரப் பெண்கள் போகத் தயாராம், அவர்களே சொல்லிவிட்டார்களாம்.

அம்மா எழுந்தாள். கூட வந்த கடைக்காரிகள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"நான் சொன்ன வெலைய திரும்ப வாங்கிக்கிறேன். எடம் விக்கிறதுக்கு இல்ல."

மேடையிலிருந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அன்று சாயங்காலம் ஒருவர் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். அம்மா தலையைத் தூக்கவில்லை.

"என் வாய்க்கு இனிமே இன்னா மரியாத கீது? நீயே சொல்லு நைனா."

அவர் அடிமாட்டு விலை சொன்னார். அந்த விலைக்கே வெட்டிக் கொடுத்தாள்.